யாரைக் கேட்டு வைத்தாய்

மார்ச் 4

களிமண்ணுக்கு,

உன் அண்ணன் உனக்கு வைத்த பட்டப்பெயரை இந்த ஐந்து வருடத்தில் நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. உன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். இன்று உன் பெயரை எழுத என் கை வரவில்லை.

போனில் பேசமாட்டேன். போனில் நீ அழுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். காகிதத்தில் உன் அழுகை எனக்குக் கேட்காது. அதனால் நீயும் காகிதத்திலேயே பதில் எழுது.

போன மாதக் கடைசியில் பதிப்பகத்தில் என் மேசைக்கு ஒரு மெய்ப்பு வந்தது. நீ இருக்கும் ஊரின் கடற்கரைப் பூங்காவுக்கான கலைநடை வழிகாட்டி, நாற்பது பக்கம். கோடை விடுமுறைக்கு முன் அச்சாக வேண்டும், சீக்கிரம் பிழை பார்த்துக் கொடுங்கள் என்றார்கள். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் வேலை ஒன்று அங்கே இருக்கிறது என்று வீட்டில் பேச்சு வந்திருந்ததால், உன் பக்கம் எப்போது வரும் என்று ஆசையாகக்கூடப் புரட்டினேன்.

இருபத்திரண்டாம் பக்கம், ஒன்பதாம் எண். 'நிறைமாதம். வெண்கலம்.' உன் பெயர். அதன் கீழே, 'மாதிரி: பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்.' பக்கத்தில் படம். கழுத்திலிருந்து தொடை வரைக்கும் ஒரு கர்ப்பிணியின் உடம்பு. வயிற்றின் அடியில் தாங்கிப் பிடித்திருக்கும் இடது கை. அந்தக் கையில் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. ஏழு வயதில் கதவிடுக்கில் மாட்டி உடைந்த விரல் அது. உலகத்தில் யாருக்கும் அந்த விரல் அப்படி வளைந்திருக்காது.

மறுநாளே உன் அண்ணனிடம் ஆபீஸ் வேலை என்று பொய் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். ஐந்து மணி நேரம். உன் பட்டறை இருக்கும் தெரு வழியாகத்தான் பூங்காவுக்குப் பேருந்து போனது. நான் இறங்கவில்லை.

பூங்கா நன்றாக இருக்கிறது, அதுதான் இன்னும் எரிச்சல். மணல்மேட்டுக்கு மேலே மரப்பலகை நடைபாதை, நூறு நூற்றைம்பது அடிக்கு ஒரு மஞ்சள் கம்பம், கம்பத்தில் எண். முதல் எண்ணில் துருப்பிடித்த இரும்புப் பறவைகள். மூன்றாவதில் கடலைப் பார்த்தபடி யாருமே ஏறி உட்கார முடியாத உயரத்துக்கு ஒரு நாற்காலி. ஐந்தாவது கண்ணாடிப் பெட்டி, வானத்தையும் கடலையும் காட்டத்தான் வைத்திருக்கிறார்கள், ஜனங்கள் அதில் தலை சீவிக்கொள்கிறார்கள். ஆறாவதில் காற்று புகுந்தால் ஊளையிடும் குழாய்கள். வேறு ஏதாவது காரணத்துக்காக வந்து நடந்திருந்தால், எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் ஒன்றாகியிருக்கும். எட்டாம் எண்ணைத் தாண்டிப் பாதை பாறைப் பக்கம் திரும்புகிறது. அங்கே வரிசை நின்றது.

எதற்கு வரிசை தெரியுமா? என் வயிற்றைத் தொடுவதற்கு. 'தொட்டுப் பார்க்கலாம்' என்று பலகை வேறு. தொட்டுத் தொட்டு நடுவயிறு மட்டும் பொன்னாகப் பளபளக்கிறது. ஒரு ஆள் தன் தொப்பியை அதன் மார்பில் மாட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டான். ஒருத்தி தன் மகளைத் தூக்கிக் காட்டினாள். அந்தச் சின்னப் பெண் விரலை மடக்கி வயிற்றில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "உள்ள பாப்பா இருக்கா?" என்றாள்.

"இருக்கு, தூங்குது" என்றாள் அம்மா.

நான் வரிசையிலிருந்து விலகி வந்துவிட்டேன்.

குழந்தை மூச்சில்லாமல் பிறந்து பதினோராம் நாள். நீ என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாய். எட்டாவது மாதத்தில் என் வயிற்றின்மேல் நீ எடுத்த பிளாஸ்டர் அச்சை என்ன செய்தாய் என்று கேட்டேன். உடைத்துவிட்டேன் அண்ணி என்றாய். மூன்று வருடமாக அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். யாரைக் கேட்டு வைத்தாய்? அதற்குப் பதில் எழுது. எழுதிவிட்டு அதை அங்கிருந்து எடு.

அண்ணி

பின்குறிப்பு: தலைப்பில் பிழை இருக்கிறது. நிறைமாதம் இல்லை. எட்டாவது மாதம்.


மார்ச் 11

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். திட்டுங்கள். திட்ட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் திட்டுவதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள்.

உடைத்துவிட்டேன் என்று சொன்னது பொய். அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறெதுவும் சொல்ல முடியவில்லை. பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று அன்று மாலையே பட்டறைக்கு வந்து சுத்தியலை எடுத்தேன். எடுத்தது வரைக்கும்தான் என்னால் முடிந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

பிளாஸ்டர் போட்ட அந்த மத்தியானம் ஞாபகம் இருக்கிறதா? உங்கள் கூடத்தில் பழைய போர்வையை விரித்து, எலும்பு முறிவுக்குச் சுற்றும் அதே துணியை நனைத்து நனைத்து ஒட்டினேன். வாஸ்லின் நாற்றம் என்று நீங்கள் மூக்கைச் சுளித்தீர்கள். காயும்வரை அசையக் கூடாது என்று உட்கார வைத்திருந்தேன். அப்போது அவள் உதைத்தாள். பிளாஸ்டர் பாதி இறுகியிருந்த நேரம். "பாரு, உன் வேலை பிடிக்கலையாம்" என்றீர்கள். நீங்கள் சிரிக்கச் சிரிக்க வயிறு குலுங்கியது. "சிரிக்காதீங்க அண்ணி, விரிசல் விட்டுரும்" என்று நான் கத்தினேன்.

விரிசல் விடவில்லை. மேடு விழுந்தது. தொப்புளுக்கு வலப்பக்கம், மேலே, ஒரு புளியங்கொட்டை அளவுக்கு. அது அவளுடைய குதிகால். நான் சுத்தியலோடு நின்றபோது முதலில் கண்ணில் பட்டது அதுதான். உங்களிடம் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. ஆஸ்பத்திரியில் எடுக்கட்டுமா என்று நர்ஸ் கேட்டபோது நீங்கள் வேண்டாம் என்றீர்கள். அவள் இந்த உலகத்தில் செய்த ஒரே வேலை அந்த உதை. அதை நான் உடைக்க வேண்டுமா? அவளுக்கு நான் அத்தை, அண்ணி. அத்தைக்கு ஒன்றுமே கிடையாதா?

நீங்கள் கோபப்படுவீர்கள் என்று தெரிந்தே இதையும் எழுதுகிறேன். மூன்று வருடமாக உங்கள் வீட்டில் அவளைப் பற்றி யாரும் வாயைத் திறக்க முடியாது. தொட்டில் வாங்கிய கடைப் பக்கம்கூடப் போகக் கூடாது என்று அண்ணன் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறான். நான் வந்தால் புத்தகத்தைப் பற்றிப் பேசுவீர்கள், வானிலையைப் பற்றிப் பேசுவீர்கள், சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவீர்கள். உங்கள் துக்கத்துக்குப் பூட்டு போட்டுச் சாவியையும் விழுங்கிவிட்டீர்கள். நாங்கள் வாசலிலேயே நிற்கிறோம்.

அந்தச் சிற்பத்தை நான் கேலிக்கு வைக்கவில்லை. எட்டு வருடமாக மற்றவர்களின் சிலைக்குச் சாரம் கட்டிக்கொடுத்தவள் நான். என் பெயரில் வெளியே நிற்கும் முதல் வேலை இது. நான் செய்ததிலேயே உண்மையான வேலையும் இதுதான். ஜனங்கள் தொடுகிறார்கள் என்றால் அவர்களுக்கு அங்கே ஏதோ கிடைக்கிறது.

அனுமதி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் முறைப்படி எழுதி வாங்கிப் பூங்கா அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. அதில் குறை ஒன்றும் இல்லை.

களிமண்


மார்ச் 17

களிமண்ணுக்கு,

முறைப்படி. என்ன அழகான சொல்.

உன் கடிதம் வந்த மறுநாள் பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்தேன். வழிகாட்டிப் புத்தகத்தின் பிழைதிருத்துநர் பேசுகிறேன், ஒன்பதாம் எண்ணின் விவரத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றேன். பொய் இல்லையே. போனை எடுத்த பெண் பாவம், நல்லவள். கோப்பை எடுத்து வரிவரியாகப் படித்தாள். மாதிரியின் ஒப்புதல் படிவம். மாதிரியின் பெயர் என்ற இடத்தில் என் பெயர். கையொப்பம் என்ற இடத்தில், 'மாதிரிக்காக, கணவர்.'

"அவங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு வீட்டுக்காரர் போட்டிருக்கார் மேடம். அதனால ஒண்ணும் இல்லல்ல?" என்றாள்.

ஒன்றும் இல்லை என்றேன்.

உன் அண்ணன் கடைக்கு நேராகப் போனேன். உள்ளே ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தார். ஒரு வில்லையைப் போட்டு, அதை எடுத்து இன்னொன்றைப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவரை ஒரு மூக்குக்கண்ணாடிக்கு இருபது தடவை கேட்டார். என்னை ஒரு தடவை கேட்கவில்லை. பெரியவர் போகும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் கேட்டேன். அவர் துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்: "நீதான் கடல் பக்கமே போகமாட்டியே."

அதாவது நான் பார்க்கமாட்டேன் என்பதுதான் இரண்டு பேருக்கும் கிடைத்த அனுமதி. ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிறவருக்கு, என் கண்ணில் ஒருநாள் படும் என்று தோன்றவில்லை.

"நம்ம கொழந்தைதானே" என்றும் சொன்னார். ஆமாம், நம் குழந்தை. அதில் அவருக்குப் பாதி உண்டு, இல்லை என்று நான் எப்போதாவது சொன்னேனா? அவர் கோயில் கோயிலாகப் போய் அழட்டும், கடையில் அவள் பெயரை எழுதி மாட்டட்டும், என்னிடம் கேட்க வேண்டாம். ஆனால் அந்த வயிறு என்னுடையது. அந்த மார்பு என்னுடையது. கதவிடுக்கில் மாட்டிய விரல் என்னுடையது. எனக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதே உடம்பைக் கொண்டுபோய் மைதானத்தில் வைத்திருக்கிறீர்கள்.

பூட்டு, சாவி என்று எழுதியிருந்தாய். நன்றாக எழுதுகிறாய். நான் ஏன் பேசவில்லை தெரியுமா? என் துக்கத்தில் எனக்கென்று மிச்சமிருந்த ஒரே சுதந்திரம், அதை யாரிடம், எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்பதுதான். வாசலில் நிற்கிறோம் என்கிறாய். வாசலில் நிற்பவர்கள் கதவைத் தட்டுவார்கள். நீங்கள் சுவரை இடித்து உள்ளே வந்து சாமானைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

அன்று இரவே நான் வீட்டை விட்டு வந்துவிட்டேன். எங்கள் பதிப்பகத்தில் அட்டை வரைகிற தோழியின் மாடி அறையில் இருக்கிறேன். கடிதம் எழுதினால் பதிப்பக முகவரிக்கு எழுது.

அந்த அலுவலகப் பெண் விதியையும் படித்துக் காட்டினாள். மாதிரியாக இருந்தவர் எழுத்தில் மறுத்தால், முப்பது நாளில் படைப்பை எடுத்துவிட வேண்டும். அந்தக் கலைஞருக்குப் பூங்காவில் மறுபடி இடம் கிடையாது. நான்கு வரியில் மறுப்புக் கடிதம் எழுதி, உறையில் போட்டு, தபால்தலையும் ஒட்டி வைத்துவிட்டேன். ஏப்ரல் ஐந்தாம் தேதி வழிகாட்டி அச்சுக்குப் போகிறது. அதற்குள் முடிவு செய்வேன்.

அந்தக் குதிகால் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அதை எனக்கு மூன்று வருடத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். பூங்காவுக்குச் சொல்வதற்கு முன்னால்.

அண்ணி


மார்ச் 22

அண்ணிக்கு,

அண்ணன் தினமும் போன் செய்கிறான். அழுகிறான். நீதான் காரணம் என்கிறான், அப்புறம் நான்தான் காரணம் என்கிறான், அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்கிறான். நேற்று போனை எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்ட கை அவனுடையது. அழுகையையும் அவனே வைத்துக்கொள்ளட்டும்.

நடந்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பூங்காவுக்கு மாதிரிப் படங்கள் அனுப்பச் சொன்னார்கள். என்னிடம் மூன்று யோசனைகள் இருந்தன. மூன்றும் சவசவ என்று இருந்தன, எனக்கே தெரிந்தது. அலமாரியின் மேல்தட்டில் அந்த அச்சு துணி சுற்றிக் கிடந்தது. எடுத்தேன். மெழுகில் ஒன்று எடுத்துப் பார்ப்போம், பார்த்துவிட்டு உருக்கிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். மெழுகு வெளியே வந்ததும், அதுதான் என்று தெரிந்துவிட்டது. நல்ல வேலை கைக்கு வரும்போது வேறெதுவும் கண்ணில் படாது, அண்ணி. அந்தக் குருட்டுத்தனம் எனக்குப் பிடிக்கும். அதற்காகத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

உங்களுக்குக் கடிதம் எழுதி உறையில் முகவரியும் எழுதினேன். இரண்டு தடவை. இரண்டும் இங்கேதான் இருக்கின்றன. நீங்கள் வேண்டாம் என்பீர்கள் என்று தெரியும். அதனால் அண்ணனைக் கூப்பிட்டேன். அவன் வந்து மெழுகுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். நான் மேட்டைக் காட்டினேன். அவன் கட்டைவிரலை அதன்மேல் வைத்தபடியே ரொம்ப நேரம் இருந்தான். "இது மட்டும்தான் இருக்கா" என்றான். நான் படிவத்தை நீட்டினேன்.

இப்போது எழுதும்போதுதான் வரிசை தெரிகிறது. முதலில் மேட்டைக் காட்டினேன், அப்புறம் படிவத்தை நீட்டினேன். அவன் அழுதுகொண்டிருந்தபோது பேனாவைக் கொடுத்தேன். அவன் சரி என்பான் என்று தெரிந்ததால்தான் அவனைக் கேட்டேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். யாரைக் கேட்க வேண்டுமோ அவரைத் தவிர்த்துவிட்டு, யார் தலையாட்டுவாரோ அவரைக் கேட்டேன்.

'ஒரு தாய்' என்ற வரி என்னுடையது. அழகாக இருக்கும் என்று நினைத்தேன்.

மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதிப் பார்த்தேன். தபால்தலை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது, அடித்துவிட்டேன். உறையைத் தபாலில் போடுங்கள், அண்ணி. எனக்காக யோசிக்காதீர்கள். அந்தப் பூங்காவில் இடம் போனால் மற்ற இடங்களும் போகும், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். மறுபடி சாரம் கட்டப் போவேன். அது எனக்குத் தெரிந்த வேலைதான்.

ஆனால் ஒன்று. அதை இறக்கினால் பூங்காக்காரர்கள் உருக்கிவிடச் சொல்வார்கள். அதை நான் செய்யமாட்டேன். உங்களிடம் கொண்டுவந்து கொடுப்பேன். நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். இந்த விஷயத்தில் மட்டும் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பொய் சொல்வதை நிறுத்திவிட்டேன் என்பதற்கு இதுவாவது அடையாளமாக இருக்கட்டும்.

களிமண்


மார்ச் 30

களிமண்ணுக்கு,

நேற்று மறுபடி பூங்காவுக்குப் போனேன். வேலை நாள், மழைத் தூறல், கூட்டமில்லை. ஒன்பதாம் எண்ணுக்கு எதிரே, கம்பித் தடுப்பை ஒட்டி ஒரு பெஞ்சு இருக்கிறதே, அதில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முதல் தடவை பார்த்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். முகத்தைப் பார்க்காமல் முடிவு எடுப்பது உங்கள் இருவருடைய பழக்கம். எனக்கு அது வேண்டாம்.

வந்தவர்களைப் பார்த்தேன். ஒருவர் தன் ஈரக்குடையை அந்தக் கையில் மாட்டிவிட்டு ஷூ லேஸ் கட்டினார். இரண்டு பையன்கள் யாருடைய தட்டு அதிகம் ஒலிக்கிறது என்று போட்டி போட்டார்கள். ஒரு ஜோடி வந்தது. அவள் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டாள். அவன் கொஞ்சம் தள்ளி நின்று வேறு பக்கம் பார்த்தான். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு அந்த வயிற்றின் கதையை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். எதை நம்பி எதன்மீது கை வைக்கிறோம் என்று தெரியாமல் வைக்கிறாள். அந்த மோசடியில் என் உடம்பும் கூட்டு.

மழை வலுத்ததும் எல்லாரும் போய்விட்டார்கள். நான் எழுந்து அதன் பின்னால் போனேன். பாறைக்கும் அதற்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் இடைவெளி இருக்கிறது.

பின்பக்கம் என்று ஒன்றே இல்லை. எனக்கு இது தோன்றியிருக்கவில்லை. நீ என் முன்பக்கத்தை மட்டும்தானே அச்செடுத்தாய். முழு உருவம் என்று நம்பும்படி பாறையில் சாய்த்து வைத்திருக்கிறாய். பின்னால் வெறும் கூடு. யாரோ சிப்ஸ் பாக்கெட்டை உள்ளே திணித்திருந்தார்கள். எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

உள்ளே வெளிச்சம் குறைவு. மேடு உள்ளிருந்து குழியாகத் தெரிந்தது. விரலை வைத்தேன். அதற்கு மேல் உனக்குச் சொல்லமாட்டேன்.

இப்போது என் முடிவு. கெஞ்சலாக எடுத்துக்கொள்ளாதே, பேரமாகவும் எடுத்துக்கொள்ளாதே.

அதைத் திருப்பு. பாறையிலிருந்து பெயர்த்து, பாதைக்கு எதிர்ப்பக்கம், பெஞ்சு இருக்கும் பக்கம் கொண்டுவா. கம்பித் தடுப்புக்கு வெளியே இரண்டடி அகலத்துக்குப் பாறை விளிம்பு இருக்கிறது, பார்த்தேன். அங்கே வை, வயிறு கடலைப் பார்க்கும்படி. எந்தக் கையும் எட்டக் கூடாது. நடந்து வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டியது அந்தக் கூடு. உள்ளே யாரும் தூங்கவில்லை என்பது அவர்கள் கண்ணில் படட்டும்.

'தொட்டுப் பார்க்கலாம்' பலகையை எடு. தலைப்பு, 'எட்டாவது மாதம்.' மாதிரி பற்றிய வரியை முழுக்க எடு.

செய்ய முடியாது என்று அவர்கள் சொன்னால், உறை தபாலில் போகும். செய்ய முடியாது என்று நீ சொன்னால், அன்றைக்கே போகும். வழிகாட்டியில் இருபத்திரண்டாம் பக்கத்தை நானே மாற்றிவிட்டேன். படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெள்ளையாக விட்டிருக்கிறேன். ஆசிரியர் ஏன் என்று கேட்டார். படம் பழையது, புதிதாக எடுக்க வேண்டும் என்றேன்.

அண்ணி


ஏப்ரல் 19

அண்ணிக்கு,

முடிந்தது. பதினாறாம் தேதி, காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து மத்தியானம் இரண்டுக்கு.

பூங்காப் பொறுப்பாளர் இரண்டு வாரம் இழுத்தடித்தார். கூட்டம் நிற்கிற ஒரே சிற்பம் அதுதானாம். "முதுகைத் திருப்பி வெச்சா யாரும்மா பாப்பாங்க?" என்றார். அதற்கு முதுகே கிடையாது சார் என்றேன். அவருக்குப் புரியவில்லை. கூட்டிக்கொண்டு போய்ப் பாறைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு வந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் நான் உங்கள் படிவத்தைப் பற்றியும் சொன்னேன், யார் போட்ட கையெழுத்து, எப்படி வாங்கினேன் என்று. அந்த அலுவலகப் பெண்ணும் இருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அவர்கள் எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கட்டும்.

சின்ன கிரேன்தான் பாதையில் நுழைந்தது. தூக்கியபோது காற்றில் ஒரு சுற்று சுற்றியது. கிரேன்காரர் என்னைவிட அதிகமாகப் பயந்துவிட்டார், "எந்தப் பக்கம்மா மூஞ்சி?" என்று கத்தினார். கடல் பக்கம் என்றேன். "அப்போ நமக்கு?" என்றார். நமக்கு இதுதான் என்றேன். விளிம்பில் நான்கு போல்ட், ஒவ்வொன்றும் முழங்கை நீளம். இனி அசையாது.

வயிற்றில் கை பட்டுப் பளபளத்த இடம் உப்புக்காற்றில் ஒரு வருடத்துக்குள் பச்சை பிடித்து மங்கிவிடும். அதை நான் மெருகு போடமாட்டேன்.

திறந்துவிட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை நான் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்தேன். வருகிறவர்கள் வழக்கம்போல வேகமாக வருகிறார்கள். சிலர் முன்பே வந்தவர்கள் போலிருக்கிறது, தூரத்திலிருந்தே கையை நீட்டிக்கொண்டு வருகிறார்கள். அப்புறம் கூடு தெரிகிறது. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் பைக்குள் விட்டுக்கொள்கிறார்கள். யாரும் படம் எடுக்கவில்லை. ஒரு நடுத்தர வயசு அம்மா மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றாள். அவளுடைய பெண் கூப்பிடக் கூப்பிட, "நீ போ, வரேன்" என்றாளே தவிர நகரவில்லை.

அண்ணி, நான் முதலில் வைத்தது பாதிச் சிற்பம். நீங்கள் திருப்பியதும்தான் முழுசானது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, உங்கள்மேல் கோபமாகவும் இருக்கிறது. ஏன் கோபம் என்று தெரியவில்லை. என் வேலையை என்னைவிட நன்றாகப் பார்த்துவிட்டீர்கள் என்பதாலோ என்னவோ.

அண்ணன் வந்து பார்த்தான். உங்களைப் பார்க்க வரலாமா என்று என்னைக் கேட்டான். என்னைக் கேட்காதே, நேராக அண்ணியிடம் கேள் என்று அனுப்பிவிட்டேன்.

களிமண்


ஏப்ரல் 27

உனக்கு,

உன் அண்ணன் கேட்டார். படிக்கட்டின் அடியிலேயே நின்று கேட்டார், மேலே ஏறவில்லை. இன்றைக்கு வேண்டாம் என்றேன். சரி என்று போனார். மறுபடி கேட்பாராம். கேட்கட்டும், ஒவ்வொரு தடவையும் பதில் சொல்வேன்.

நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. போவேனா என்று தெரியாது. என் பாராட்டை எதிர்பார்க்காதே. முழுசானது, பாதியானது என்றெல்லாம் எனக்கு எழுதாதே. அது உன் தொழில், அதைப் பற்றி உன் தொழில்காரர்களிடம் பேசு. எனக்குக் கோபம் தீரவில்லை. தீரும் என்று உனக்கு வாக்குக் கொடுக்கவும் இல்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு காகிதம் இருக்கும். பூங்கா அலுவலகத்திலிருந்து வரவழைத்த ஒப்புதல் படிவம், புதியது. பழையதைக் கிழித்துவிட்டு இதைக் கோப்பில் வைக்கச் சொல். மாதிரியின் பெயர் என்ற இடத்தில் என் பெயர். கையொப்பம் என்ற இடத்தில் என் கையொப்பம். 'மாதிரிக்காக' என்ற வரியைக் குறுக்கே அடித்திருக்கிறேன்.

காலம் என்ற இடத்தில் பத்து வருடம் என்று அச்சாகியிருந்தது. அதையும் அடித்து, ஒரு வருடம் என்று எழுதியிருக்கிறேன். அடுத்த ஏப்ரலில் நீ மறுபடி வந்து கேட்க வேண்டும். தபாலில் இல்லை, நேரில். அதற்கடுத்த ஏப்ரலிலும். ஒவ்வொரு தடவையும் நான் யோசிப்பேன். ஏதாவது ஒரு வருடம் முடியாது என்பேன், அன்றைக்கு நீ போல்ட்டைக் கழற்ற வேண்டும்.

'முடியாது' என்று என்னால் சொல்ல முடிகிற வரைக்கும், அது அங்கே நிற்கலாம்.

அண்ணி